கருப்பு மோலியும் கண்ணாடித் தொட்டியும்

பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு கருப்பு மோலி மீன் கோபத்தோடு சுற்றிச் சுற்றி வந்தது. அதை வாங்கி வந்த சிங்காரவேலு, "உனக்கு என் கையாலேயே கண்ணாடித் தொட்டி கட்டித் தர்றேன்" என்று சொல்லித்தான் வாளியில் விட்டிருந்தார்.

அவர் கண்ணாடி அறுத்தார், பசை வைத்து ஒட்டினார், கோணலாகத் தெரிந்ததும் பிரித்து மறுபடி ஒட்டினார். வாளித் தண்ணீரை மாற்ற மட்டும் அவருக்கு நேரமில்லை. அது பச்சையாகி நாறியது.

"மூச்சு முட்டுது" என்றது மோலி.

"பொறுத்துக்கோம்மா. விரல்ல ரத்தம் வழிய வேலை செய்யறார். எல்லாம் உனக்காகத்தானே?" என்றது வாளி.

"எனக்காகன்னா ஒரு செம்பு நல்ல தண்ணி ஊத்தச் சொல்லு!"

ஒருவழியாகத் தொட்டி முடிந்தது. கூழாங்கல்லும் விளக்கும் தெளிந்த தண்ணீருமாக அது மின்னியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து வாய் பிளந்தார்கள். சிங்காரவேலு வலையோடு வந்தார். மோலி தானாகவே அதில் ஏறிக்கொண்டது.

பாதி வழியில் அவர் நின்றார். "இதை விட்டா தண்ணி அழுக்காயிடுமே. இன்னும் நாலு பேர் பார்க்கட்டும்" என்று மோலியை வாளியிலேயே கொட்டினார்.

"அவங்க பார்த்துட்டுப் போனதும்..." என்று வாளி இழுத்தது.

"வாயை மூடு!"

மோலி பலத்தையெல்லாம் கூட்டி வாலால் அடித்தது. பச்சைத் தண்ணீர் புதுக் கண்ணாடியில் தெறித்து வழிந்தது. சிங்காரவேலு பதறி ஓடி வந்து கண்ணாடியைத் துடைத்தார். வாளியைக் காலால் ஓரமாக எத்தித் தள்ளினார்.

வாளி தள்ளாடி நின்றது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது:

"இன்னொரு தடவை அடி. நானும் சாய்ஞ்சு கொடுக்கறேன்."