சில்லு வைத்த வீடு

“அப்பா, இந்த வீட்டுக்கு ஏன் சில்லு இருக்கு?”

நான்கு வயதில் றொஷினி சுவரைக் காட்டிக் கேட்ட கேள்வி அது. அல்பேட் யோசிக்கவேயில்லை. “அவை எங்களை மாதிரி வீடு மாறத் தேவையில்லை, பிள்ளை. வீடு அவையோடயே வரும்.”

சுவரில் இருந்தது ஒரு பழைய நீர்வண்ண ஓவியம். ஊர் ஊராகப் போகும் றோமா மக்கள் குடியிருக்கும் கூண்டு வண்டி ஒன்று புல்வெளியில் நிற்கும். பக்கத்தில் குதிரை மேயும், ஒரு பெண் அடுப்பை ஊதுவாள், வண்டியின் கீழே நிழலில் ஒரு நாய் படுத்திருக்கும். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே அல்பேட் கொண்டுவந்து மாட்டிய படம்.

அல்பேட் செத்துப்போய் மூன்று வருடம். றொஷினி கல்கரியில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள், சில வேளை எடுக்காமலும் விடுவாள். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்தால், அவர் மனைவி செலீனுக்குக் கதைக்க மிஞ்சியிருந்தது அந்த அடுப்பூதும் பெண் மட்டும்தான்.

அன்று 2006 யூலை முதலாம் திகதி. மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும் நாள். ட்ரக்குக்குக் காத்திருக்கும் சாமானும் குப்பைக்குப் போகும் சாமானும் ஒரே நடைபாதையில்தான் கிடக்கும். செலீனும் புறநகர் கர்க்லாண்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் மகன் றூபன் ட்ரக்கோடு வந்திருந்தான்.

“மாமி, எங்கட பேஸ்மென்ற் ஜன்னலுக்கால அப்பாவின்ரை கார்ச் சில்லு மட்டும்தான் தெரியும். இந்தப் படத்தைக் கொழுவுங்கோ, கொஞ்சம் வெளியாவது தெரியட்டும்.”

“அதுக்குத்தான்ரா கொண்டுவாறன். மற்றதெல்லாம் உடைஞ்சாலும் பரவாயில்லை, இதைக் கவனமாப் பிடி.”

படத்தைப் போர்வையால் சுற்றிக்கட்டி, கீழே நடைபாதையில் கதிரைகளோடு சாய்த்து வைத்துவிட்டு, கடைசிப் பெட்டிகளை எடுக்க இருவரும் மேலே ஏறினார்கள்.

“மாமி! கீழ பாருங்கோ. கிழவி ஒண்டு உங்கட படத்தை அமத்திக்கொண்டு போகப் பாக்குது!”

செலீன் வெளிப்படிக்கட்டால் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். போர்வையின் ஒரு மூலையை விலக்கியபடி நின்றது, சந்தியில் மருந்துக்கடைக்கு மேலே தனியாக இருக்கும் மடாம் லெவெக். தெருவில் கண்டால் ஒரு ‘பொன்ஜூர்’, அவ்வளவுதான் பழக்கம்.

“மடாம், இது எறிஞ்ச சாமான் இல்லை. ட்ரக்குக்கு வைச்சது,” என்றாள் செலீன், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

கிழவி கையை எடுத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டைக்கு எது எறிஞ்சது, எது வைச்சது எண்டு ஆருக்குத் தெரியும்?”

பிறகு மெல்லச் சிரித்தார். “வண்டிக்குக் கீழ படுத்திருக்கிற நாய். சின்னப் பிள்ளையளுக்கு அதைத்தான் பிடிக்கும், என்ன?”

“என்ரை மகளுக்கும் அதிலதான் விருப்பம்.”

“பிள்ளை இருந்த வீட்டிலதானோ தொங்கினது?” கிழவியின் முகம் தெளிந்தது. “நல்லது. மிச்சம் நல்லது.” வேறொன்றும் கேட்காமல் பொல்லை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

“நல்ல காலம், நான் கண்டன்,” என்று சொல்லிச் சொல்லி றூபன் மிச்சச் சாமானை ஏற்றினான். படத்தைச் செலீன் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள்.

விலகிய மூலையை இழுத்துக் கட்டப் போனவளின் கை நின்றுவிட்டது. அதற்குள்ளால் தெரிந்தது சட்டமும் ஒரு துண்டு வானமும் மட்டும்தான். வண்டி, குதிரை, கிழவி சொன்ன அந்த நாய் எல்லாம் போர்வைக்குள்ளே இருந்தன.

“றூபன், சந்தியில ஒருக்கா நிப்பாட்டு. படத்தை அந்த மனிசிக்குக் குடுத்திட்டு வாறன்.”

“என்ன மாமி, களவெடுக்க வந்ததுக்குப் பரிசோ? பிறகு உங்கட சுவருக்கு?”

“சுவர் சும்மா இருக்கட்டும்.”

“நீங்கள் உப்பிடி இரக்கப்பட்டுப்பட்டே கெட்டுப்போவீங்கள்,” என்றான் அவன். ட்ரக் சந்தியில் நின்றது.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு மாடி. படியில் ஒருவருமில்லை. கதவருகே படத்தை நேராகச் சாய்த்து, போர்வையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுப்பூதும் பெண்ணைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். மணியை அழுத்தினாள்.

உள்ளே பொல்லின் சத்தம் மெதுவாக நெருங்கி வந்தது. கதவு திறக்குமுன் இறங்கிவிட வேண்டும். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மூடிய கதவிடம் தமிழிலேயே சொன்னாள்:

“குடிவந்த அண்டைக்கு இதை ரோட்டில இருந்து எடுத்தது நாங்கள்தான், மடாம்.”