கண் சிவக்காமல்

“கண்ணு சிவந்துரக் கூடாதும்மா. இமை முடி ஒண்ணுகூட உதிரக் கூடாது” என்றார் சேதுராமன், மூன்றாவது முறையாக.

சூஃபியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரியபட்டினத்தில் பியூட்டி பார்லர் வைத்த நாளிலிருந்து எத்தனையோ முகங்களுக்கு மேக்கப் போட்டிருக்கிறாள். போடும்போது ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். கலைக்கும்போது இத்தனை அக்கறை காட்டும் மனிதரை இன்றுதான் பார்க்கிறாள்.

உச்சிப்புளி லாட்ஜ் அறையில், கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள் பிரெசில்லா. தங்கச்சிமடத்துக்காரி. கடலில் முங்கிப் பாசி எடுப்பவள். சேதுராமனின் டிவி நிகழ்ச்சிக்காகக் காலையிலிருந்து அவளைத் தண்ணீருக்குள் முங்கவைத்தும் எழவைத்தும் படம் பிடித்திருந்தார்கள். அதற்காகவே தண்ணீரில் கரையாத மேக்கப். அத்தனை முங்கலுக்கும் கண் மை இம்மிகூட அசையவில்லை.

“இப்படியே வீட்டுக்குப் போறேன்க்கா” என்று சூஃபியாவிடம் கெஞ்சினாள் பிரெசில்லா. “அவுக பாத்துட்டு, யாருடா இதுன்னு முழிக்கணும்.”

“சாருதான் கலைச்சே ஆகணும்ங்கிறாரு புள்ள.”

“ராத்திரி பூரா இருந்தா தோல் வெந்துரும்மா” என்றார் சேதுராமன் கதவருகில் நின்றபடி. “எங்க நிகழ்ச்சிக்கு வந்து உங்க முகத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் எனக்குத் தூக்கம் வராது.”

“சார், என் போனு?” என்றாள் பிரெசில்லா.

ஷூட்டிங்கில் சத்தம் வரக் கூடாது என்று காலையிலேயே அதை வாங்கி வைத்திருந்தார்.

“சார்ஜ்ல இருக்கு. கிளம்பும்போது தரேன்” என்றவர் சூஃபியாவிடம் திரும்பினார். “அவங்க கட்டிட்டு வந்த சேலையவே கட்டிக்கட்டும். காலைல எப்படி வந்தாங்களோ, அப்படியே இருக்கணும்.”

அவர் போனதும் பிரெசில்லா முகத்தைக் காட்டினாள். “நல்லா அழுத்தித் தேய்ச்சு எடுத்துருக்கா. உப்புத்தண்ணில ஊறுன மூஞ்சிதானே இது.”

“தேய்க்கவே கூடாது. கண்ண மூடு.”

தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சை இரண்டு இமைகள் மீதும் வைத்து, விரல் நுனியால் லேசாகப் பிடித்துக்கொண்டாள் சூஃபியா. “எண்ணெ உள்ள இறங்கட்டும். மை தானா விட்டுரும். அவசரப்பட்டு இழுத்தா முடியும் சேந்து வந்துரும், கண்ணும் எரியும்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சைக் கீழ்நோக்கி நழுவவிட்டாள். கறுப்பு மொத்தமும் அதில் இறங்கியிருந்தது. முடியின் வேரில் ஒட்டியிருந்ததை மட்டும் பட்ஸால் தொட்டுத் தொட்டு எடுத்தாள்.

கண்ணைத் திறக்காமலே பேசினாள் பிரெசில்லா. “கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு வெறும் பவுடர்தான்க்கா. மூஞ்சிய இப்படிப் பூ மாதிரி யாரும் தொட்டதில்ல. தூக்கமே வருது.”

“தூங்கு, நான் பாத்துக்கிறேன்.”

“தூங்கிட்டா யாரு போன எடுக்குறது? அவுக நேத்து சாயங்காலம் கடலுக்குப் போனவுக. விடியக்குள்ள காத்து வேற கெட்டியா அடிச்சுச்சு. கரை ஏறுனதும் போன் போடுவாக. நான் எடுக்கலன்னா அப்படிக் கோவம் வரும்.”

“இன்ஷா அல்லாஹ், வள்ளம் நெறைய மீனோட வந்திருப்பாக. உன்னைய டிவில பாத்தா கோவமெல்லாம் பறந்துரும்.”

பிரெசில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதே, கண்ணுக்குள் எண்ணெய் போய்விடும் என்று அதட்டினாள் சூஃபியா. அவளுக்கும் சிரிப்புத்தான்.

கன்னம், நெற்றி, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் துடைத்து, குழந்தைக்குப் போடும் சோப்பால் முகம் கழுவிவிட்டாள். பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள். கூடப் பிறந்த பெண்கள் உள்ள வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும் அந்த சார், இல்லாவிட்டால் இதெல்லாம் தோன்றாது என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் கட்டி வந்த தன் சேலைக்கு மாறி வெளியே வந்தாள் பிரெசில்லா. சேதுராமன் அவள் முகத்தை வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தார்.

“அருமை. துளி சிவப்பு இல்ல. வேன் வந்துரும், அந்த வராண்டா சேர்ல உக்காருங்கம்மா.”

“ரொம்ப நன்றி சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஈரம் காயாத முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

அவளுக்கு நேர் எதிரே கேமராவை நிறுத்தியிருந்தார்கள். அதன் பின்னால் நின்ற கேமராமேன் வீரமணி தலை குனிந்தவன் நிமிரவே இல்லை.

சூஃபியாவுக்குப் புரியவில்லை. “ஷூட்டிங் முடிஞ்சிருச்சுன்னீங்களே சார்?”

“இன்னும் ஒரே ஒரு ஷாட். அழற ஷாட். மேக்கப்போட அழுதா நடிப்புன்னு சொல்லிருவாங்க.”

“அவ எதுக்கு சார் அழணும்?”

சேதுராமன் சூஃபியாவின் தோளை மென்மையாகத் தட்டி, வராண்டா பக்கம் திருப்பிவிட்டார்.

“கேமரா ஓடுது. பக்கத்துல போய் நீங்களே சொல்லிருங்க, அவங்க புருஷன் பொணம் கரை ஒதுங்கிருச்சுன்னு.”