மேலே மட்டும் காற்று

பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் காற்றாடி விர்ரென்று சுழன்றுகொண்டிருந்தது. தலைமையாசிரியை திருமதி ஹோல்டன், பெற்ற குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைக் கண்ட தாயைப் போலக் கைதட்டினார். சுற்றி நின்ற எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

விஞ்ஞான ஆசிரியர் கணேஸ்வரன் மட்டும் கைதட்டவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஜூன் மாத லண்டனில் அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

2007ஆம் ஆண்டு அது. எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் பூமியைக் காப்பாற்றும் ஆசை பிடித்திருந்த காலம். இந்தப் பள்ளிக்கூடமும் மின்சாரம் எடுக்கக் கூரையில் ஒரு காற்றாடியை நட்டு, கடிதத் தலைப்பில் அதன் படத்தையும் அச்சடித்துவிட்டது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் காற்றை மறித்து நிற்பதை நட்ட பிறகுதான் கவனித்தார்கள். அன்றிலிருந்து காற்றாடி, பெரிய இடத்து மாப்பிள்ளை போல ஒரு வேலையும் செய்யாமல் நிமிர்ந்து நின்றது.

அன்று 'பசுமைப் பள்ளி' விருதுக்குப் பரிசோதகர் வரும் நாள். "காற்று வீசுவது கடவுள் பாடு. காற்றாடி சுற்றுவது உங்கள் பாடு" என்று திருமதி ஹோல்டன் தன் ஆங்கிலத்தில் இனிமையாகச் சொல்லியிருந்தார்.

கணேஸ்வரனின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. யாழ்ப்பாணத்தில் வாங்கிய பட்டம் இங்கே செல்லாமல் போக, பெட்ரோல் செட்டில் காசு வாங்கிப் போட்டபடியே மறுபடி படித்துப் பிடித்த வேலை. ஆகவே அவர் செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த தன் வீட்டுக் கராஜில் கிடந்த பழைய வோஷிங் மெஷினைக் கழற்றினார். அதன் மோட்டாரைக் காற்றாடித் தண்டில் பூட்டி, தகரப் பெட்டியால் மூடி, பெட்டிக்குப் பச்சை வர்ணமும் அடித்தார்.

கரண்ட் தர வேண்டிய காற்றாடி இப்போது கரண்ட் குடித்துச் சுற்றியது. கீழே சுவிட்சுக்கு மேல், 'தேவையில்லாமல் மின்சாரத்தை வீணாக்காதே' என்று பிள்ளைகள் எழுதி ஒட்டிய படம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

பரிசோதகர் பாஸ்கரன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ஏதோ ஒரு நகரசபைக் கவுன்சிலில் சுற்றுச்சூழல் அதிகாரியாகிவிட்டவர். அவருடைய டையும் இறுக்கம், ஆங்கிலமும் இறுக்கம். எல்லோரும் காற்றாடி இறக்கையை அண்ணாந்து பார்க்க, அவர் மட்டும் பச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லை!" என்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெட்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிவரூபினி அவர் பக்கத்தில் வந்தாள். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேசாத பிள்ளை, மற்றவர்களுக்கு விளங்கக்கூடாதென்று தமிழில் மெல்லக் கேட்டாள்.

"சேர், பள்ளிக்கூடக் கொடி அசையேல்லையே. காத்தாடி மட்டும் என்னெண்டு சுத்துது?"

கொடி கம்பத்தில் நனைந்த துவாய்த் துண்டு மாதிரித் தொங்கியது. கணேஸ்வரன் மேலே கையைக் காட்டினார்.

"காத்தாடி கொஞ்சம் உயரத்தில நிக்குதெல்லே பிள்ளை. அங்க காத்து இருக்கு."

"ஓ... ஓகே சேர்!"

அவள் சந்தேகப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. அப்படியே நம்பிவிட்டாள். நம்பியது மட்டுமல்ல, பக்கத்தில் நின்றவளுக்கும் ஆங்கிலத்தில் விளக்கினாள். அவள் இன்னொருத்திக்கு விளக்கினாள். போன தவணை அவரே படிப்பித்த பாக்டீரியா போல, பொய் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. சக்தியை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்க ஏலாது என்று போன கிழமைதான் இதே பிள்ளைகளுக்கு அவர் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். திருமதி ஹோல்டன், பரிசோதகருக்குத் தேநீர் சொல்ல ஓடினார். மாடியில் இரண்டே பேர். காற்றாடி மட்டும் வெட்கமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

வேலை போனால் போகட்டும் என்று கணேஸ்வரன் முடிவெடுத்தார். பெட்ரோல் செட் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

"ஐயா, உங்களுக்குத் தமிழ் விளங்குமோ?"

"ஆமா சார், நல்லா விளங்கும். அந்தப் பொண்ணு கேட்டதும் விளங்குச்சு."

கணேஸ்வரன் பச்சைப் பெட்டியைச் சுட்டிக் காட்டினார்.

"அப்ப மறைச்சுப் பிரயோசனமில்லை. இது காத்தில சுத்தேல்லை, கரண்டில சுத்துது. அந்தப் பெட்டிக்குள்ள மோட்டார் இருக்கு. பூட்டினது நான்தான். தலைமையாசிரியையில பிழை சொல்லாதேங்கோ. நீங்கள் என்ன எழுதினாலும் நான் ஏற்றுக்கொள்ளுறன். ஆனா நாளைக்கு அந்தப் பிள்ளையளிட்ட உண்மையைச் சொல்லத்தான் போறன்."

பாஸ்கரன் மாடிக் கதவருகே போனார். படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"வெள்ளிக்கிழமை எங்க கவுன்சிலுக்கு மந்திரி வர்றாரு" என்றார் மெதுவாக.

விஷயம் மந்திரி வரைக்கும் போகப் போகிறதா! கணேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார்.

பாஸ்கரன் டையைத் தளர்த்தினார்.

"எங்க கூரையில சுத்தாம நிக்கிற காத்தாடிக்கும் ஒரு மோட்டார் பூட்டித் தர முடியுமா, சார்?"