பதின்மூன்றாவது ஆணி

சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குந்தியிருந்தார்.

எங்கே அறுப்பது என்று கோடு போட வரவில்லை.

புயல் போய் மூன்று நாள். கொல்லையில் பூவரசு வேரோடு சாய்ந்து கிடந்தது. கிளைகளைக் கழித்தாயிற்று. அடிமரம்தான் மிச்சம், ஆறடி நீளம். மரம் அறுக்கும் பக்கிரி மிஷினும் கையுமாக நின்றான். அவனுக்கு இன்னும் நாலு வீட்டுக் கொல்லை பாக்கி.

முப்பது வருஷமாகக் கடைசல் பட்டறை வைத்திருப்பவர். கட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இது கட்டில் கால், இது பம்பரம் என்று சொல்லிவிடுகிற ஆள். இன்றைக்கு ஒரு கோட்டுக்கு இந்தப் பாடு.

உள்ளே ஆணி இருந்தது.

அடித்தது வேறு யாருமில்லை, அவரேதான். மகளின் முதல் பிறந்த நாளன்று அவளை இந்த மரத்தோடு ஒட்டி நிறுத்தினார். உச்சந்தலையில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, அந்த உயரத்தில் ஓர் ஆணி. அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. கடைசல்காரனே பச்சை மரத்தில் ஆணி அடிக்கிறானே, புத்தி கெட்டுப்போச்சா என்று ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அடித்தார். அவ்வளவு செல்லம்.

பன்னிரண்டு வயதில் அவள் பெரியவளானாள். அதோடு ஆணி நின்றது.

இன்னும் பத்து வருஷம் கழித்து, தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். இனி அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார் இவர். நாலு வருஷமாக யாரும் எடுக்கவில்லை.

கடையும்போது உளி ஆணியில் மாட்டினால் தெறித்து முகத்துக்கே வரும். ஆணி மரம் விறகுக்குத்தான் ஆகும் என்றான் பக்கிரி.

மனைவி தையல்நாயகியும் காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதுதான் அவருக்கு உறுத்தியது.

மரம் சாய்ந்த அன்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதவள். இப்போது அடுப்புக்குப் போகட்டும் என்கிறாள். துணி காயப்போட அத்தனை நீளக் கொடி இருக்க, ஈரப் புடவையைக் கொண்டுவந்து அடிமரத்தின் மேல் விரித்திருக்கிறாள்.

அவர் எழுந்து பட்டறைக்குள் போய்க் காந்தத்தை எடுத்துவந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. பழைய கட்டை எது வந்தாலும் அதை வைத்துப் பார்க்காமல் உளி போட மாட்டார். கயிற்றில் தொங்கவிட்டு, நுனியிலிருந்து அடியை நோக்கி மெல்ல நகர்த்தினார். ஆணிகளைப் பட்டை விழுங்கியிருந்தது. காந்தம் லேசாகச் சாய்கிற இடத்திலெல்லாம் சாக்கட்டியால் சுழித்தார்.

பன்னிரண்டாம் வயது. பதினொன்று. பத்து.

மூன்றாம் வயதுக்கு வந்ததும் புடவை குறுக்கே கிடந்தது.

ஈரமாக இருக்கிறது, கிடக்கட்டும் என்றாள் தையல்நாயகி. அவர் புடவையை ஒதுக்கினார்.

இரண்டாம் வயது ஆணி இருந்தது. முதல் வயது ஆணியும் இருந்தது.

இரண்டாவதற்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை கீழே, காந்தம் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

புது ஆணி.

துருவேறவில்லை. பட்டை மூடவில்லை. அவருடைய பட்டறை டப்பாவில் கிடக்கிற அதே ஒன்றரை அங்குல ஆணிதான். கொஞ்சம் கோணலாக இறங்கியிருந்தது. சுத்தியல் பிடித்துப் பழகாத கை.

செவ்வாய்க்கிழமை தோறும் அவர் சரக்கு ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போவார். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும்.

அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இந்தக் கொல்லையில் அவருக்குத் தெரியாமல் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

மரத்தின் வெட்டுமுகத்தில் வரிசையாக மூன்று சின்ன வட்டம் போட்டார். நடைவண்டிக்கு மூன்று சக்கரம்.

தையல்நாயகி அந்த வட்டங்களைப் பார்த்தாள்.

"அவன் இப்ப ஓடவே செய்யுறான்" என்றாள்.

அவர் மூன்று வட்டங்களையும் உள்ளங்கையால் அழித்தார்.

சாக்கட்டி இப்போது அடியிலிருந்து நுனிவரை ஒரே கோடாக ஓடியது. ஆணிப் பக்கம் முழுவதையும் ஒரே பலகையாக எடு என்றார் பக்கிரியிடம். ஓர் ஆணியிலும் வாள் படக் கூடாது.

ஆணிப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று பக்கிரிக்கு விளங்கவில்லை.

"செவுத்துல நிறுத்தணும்டா. அடி எது, நுனி எதுன்னு குறிச்சுக்க. தலைகீழா நின்னுடப் போவுது."

புடவையை எடுக்க வந்தவளிடம், கூப்பிட்டால் மகள் வருவாளா என்று கேட்டார். தையல்நாயகி புடவையை மடித்தாள். நீங்கள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் இதுவரை வந்தாள், எனக்குத் தெரியவில்லை என்றாள்.

பக்கிரி கயிற்றை இழுத்தான். மிஷின் அலறத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தில் அவர் ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார்.

மங்கை.

யாருக்கும் கேட்டிருக்காது. தையல்நாயகி மடித்த புடவையோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.