அமிலத்தின் விளிம்பில்

ஆய்வுக்கூட மேசையில் பழைய வெள்ளி நாணயம் ஒன்று வீற்றிருந்தது. அதன் தேய்ந்த ஓரத்தில் இலேசான சிவப்பைக் கண்ட பித்தளை எடைக்கல், "அண்ணே, உங்களுக்குள்ளும் செம்பு இருக்கிறதே! நாம் உறவுக்காரர்கள்தாம்" என்று சிரித்தது.

நாணயத்துக்குச் சினம் தலைக்கேறியது. "உனக்கும் எனக்கும் உறவா? இப்போதே என்னைச் சோதிக்கட்டும்!" என்று முழங்கி, நைட்ரிக் அமிலம் நிறைந்த குவளையின் விளிம்பில் ஏறி நின்றது.

அமிலமே தயங்கியது. "ஐயா, எனக்குள் இறங்கினால் உங்கள் உருவம் மிஞ்சாது. கொஞ்சம் செம்பு உண்டென்று ஒரு சொல் சொல்லுங்கள், சோதனையே வேண்டாம்."

நாணயம் கீழே பார்த்து நடுங்கியது. தன்னுள் செம்பு இருப்பது அதற்குத் தெரியும். எடைக்கல்லோ சிரிப்பை நிறுத்தவில்லை.

"துளியும் இல்லை" என்று சொல்லிக் குதித்தது.

பழுப்புப் புகை சீறி எழுந்தது. பொறித்திருந்த அரச முகம் கரைந்தது; எழுத்துகள் கரைந்தன. குவளை முழுவதும் செம்பின் நீலம் பரவியது. பிறகு வெள்ளியைப் பிரிக்க மேசையிலிருந்த உப்புநீர்ச் சீசா சாய்ந்து ஊற்றியதும், கரைந்திருந்த வெள்ளி தயிர்போலத் திரிந்து அடியில் படிந்தது.

அதை நிறுத்துக் கணக்கிட்ட எடைக்கல்லின் சிரிப்பு அடங்கியது.

"அண்ணே, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி!" என்று கூவி, அது நாணயத்தைத் தேடியது.