கழற்றாத சக்கரம்

சர்வீஸ் சென்டரின் மாடியில், கண்ணாடிச் சுவரை ஒட்டிய நாற்காலியில் ஒரு பெண் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். கீழே பட்டறையில் அவளுடைய வெள்ளைக் கார், சக்கரங்களில் போன மழையின் சேறு காய்ந்திருக்க, விட்ட இடத்திலேயே நிற்கிறது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் சூப்பர்வைசர் வருகிறார். அவர் கையிலுள்ள தட்டில், தேய்ந்து தகடாகிப்போன இரண்டு பிரேக் பேடுகள் கிடக்கின்றன. "நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாத்துட்டோம் மேடம். அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னீங்களே, இந்த பிரேக்க நம்பிப் போகாதீங்க." அம்மா என்றதும் அவள் முகம் ஒரு கணம் வெளுக்கிறது. பிறகு கண்ணாடி வழியே சேறு உதிராத சக்கரங்களைப் பார்த்துவிட்டு, எழுந்து படியிறங்குகிறாள். "மேடம், கஸ்டமர் கீழ போகக் கூடாது," என்றபடி அவர் பின்னாலேயே ஓடிவருகிறார். காருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, இந்தச் சக்கரத்தக் கழட்டினீங்களா?"

மெக்கானிக் சூப்பர்வைசரைப் பார்க்கிறார். எங்கோ காற்றுக் குழாய் சீறி அடங்குகிறது.

"இன்னும் தொடவே இல்லம்மா."

"அப்ப இப்பக் கழட்டுங்க. நான் நிக்கிறேன்."

நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழல, சேறு பொருக்குப் பொருக்காகத் தரையில் உதிர்கிறது. மெக்கானிக் உள்ளே விளக்கைப் பிடிக்கிறார். பேடுகள் நல்ல தடிமனாக இருக்கின்றன. "இது இன்னும் ரொம்ப நாள் ஓடும்மா," என்கிறார், குரலைத் தாழ்த்தாமல். சூப்பர்வைசர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டியை நோக்கி நகர்கிறார். சக்கரத்தை மாட்டி முடித்து மெக்கானிக் சாவியை நீட்ட, அவள் வாங்கிக்கொண்டு அம்மாவை அழைத்துப்போக வண்டியைக் கிளப்புகிறாள்.