ரூத்துக்கு வைத்த மரங்கள்

"சீக்கிரம் காசாவுற மரம் வேணா சார். ஒரு பதினஞ்சு வருஷம் நின்னு வளர்ற மரமா குடுங்க."

பூங்கொடி இப்படிச் சொன்னதும் வேளாண்மை உதவி அலுவலர் பரணிதரனுக்குச் சிரிப்பு வந்தது. கருங்குழியைச் சுற்றியுள்ள ஊர்களில் மரம் வளர்ப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசப் போனால், "எப்ப சார் வெட்டலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மெதுவாக வளரும் மரமாகக் கேட்டு வாங்குகிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறான்.

"அப்போ மகாகனி வைங்கம்மா. கன்று அரசாங்கம் தரும். பிழைச்ச கன்றுக்குப் பராமரிப்புப் பணமும் கொஞ்சம் தரும். குழி எடுக்கிறது, தண்ணி ஊத்துறது, ஆடு மாடு கடிக்காம பாத்துக்கிறது உங்க பங்கு. வரப்பு ஓரமா மட்டும் வைங்க. நடுவுல வழக்கம்போல நெல்லு போட்டுக்கலாம்."

"இல்ல சார். கழனி பூராவும் வெச்சிடலாம்."

"அப்புறம் சாப்பாட்டுக்கு?"

"நான் நூறு நாள் வேலைக்குப் போறேன். எங்க வூட்டுக்காரரு செங்கல்பட்டுல வாட்ச்மேனா கீறாரு. ரெண்டு வயிறுதான சார், எப்படியாவது கழுவிக்கலாம்."

"பையன் இருக்கார்னு ஊர்ல சொன்னாங்களே?"

"சென்னையில கீறான்."

"என்ன வேலை?"

"அவங்க இன்னா குடுக்குறாங்களோ அதச் செய்றான்."

"லீவுக்கு வருவாரா?"

"வுட்டா வருவான்." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, குழி எடுக்கவேண்டிய இடங்களைப் பார்க்கிறவள்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மரம் வளர்ந்து நிக்கிறப்போ உங்களுக்கே வயசாயிடுமேம்மா?"

"எனக்கு எதுக்கு சார் மரம்? ரூத்துக்குத்தான். நாலு வயசாவுது. பால்வாடிக்குப் போயிக்கினு கீது. மரம் வளர்றப்ப அதுவும் வளர்ந்துடும்."

ரூத்! பரணிதரன் மனதுக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டான். மகன் வேற்று மதத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டியிருக்கிறான். வீட்டில் சண்டை. அவன் சென்னையிலேயே தங்கிவிட்டான். பேத்தி மேல் மட்டும் இந்த அம்மாவுக்குப் பாசம் விடவில்லை. பாவம்தான். மேற்கொண்டு எதையும் கிளறாமல் கன்றுகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போனான்.

அடுத்த கோடை பொல்லாத கோடையாகிவிட்டது. மதுராந்தகம் பக்கம் கிணறுகளில் அடி தெரிந்தது. பிழைத்த கன்றுகளைப் பார்வையிடக் கிளம்பிய பரணிதரன், போன இடமெல்லாம் காய்ந்த குச்சிகளைத்தான் பார்த்தான். பூங்கொடியின் கழனியில் மட்டும் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. துளிர்விட்டு, அவன் இடுப்புயரம் நின்றன.

"எப்படிம்மா?"

"போர்ல தண்ணி வர்றது சித்திரையிலயே நின்னு பூடுச்சி சார். ஏரிப் பள்ளத்துல கொஞ்சம் கெடந்திச்சி. குடத்துல மொண்டாந்து ஊத்தினேன்."

ஏரி எங்கே, இந்தக் கழனி எங்கே! அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். போன வருஷம் பார்த்ததற்கு ஆளும் பாதியாகியிருந்தாள்.

"இனிமே பராமரிப்புப் பணம் வரும். கூலிக்கு ஆள் வெச்சுக்கோங்கம்மா. இப்படி உடம்பைக் கெடுத்துக்காதீங்க."

"அதுல வேலி போட்டுடலாம் சார். தண்ணி ஊத்துறது என் பங்குன்னு நீங்கதான சொன்னீங்க? எம் பங்க நான்தான் செய்யணும்."

திட்டத்தை விளக்கும்போது அவன் பேச்சுவாக்கில் சொன்ன வார்த்தை அது.

அப்போது வரப்பில் ஓர் இளம்பெண் தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் பூங்கொடி வரப்பிலிருந்து கீழே இறங்கி, முள்ளும் கட்டியுமாய்க் கிடந்த மண்ணில் வெறுங்காலோடு ஒதுங்கி நின்றாள். தலை குனிந்திருந்தது. வந்தவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இடத்தில் ஆளே இல்லாததுபோலக் கடந்து போனாள். அவள் போய் மறைந்த பிறகுதான் பூங்கொடி மேலே ஏறினாள்.

"யாரும்மா அது?"

"ஹெலன் சார். ரூத்தோட அம்மா."

"அட, கூப்பிட்டிருக்கலாமே! இவ்வளவும் அவங்க பொண்ணுக்குத்தான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். நீங்களும் சொல்லிடாதீங்க." அவள் பதறிப்போய்க் கும்பிட்டாள். "இப்ப குடுத்தா அவ கையால தொட மாட்டா. அந்தப் பொண்ணு வளர்ந்து, அதுவா வாங்கிக்கினா வாங்கிக்கட்டும். காறித் துப்புனா துப்பட்டும்."

"ஏம்மா இப்படியெல்லாம் பேசறீங்க? குடும்பம்னா சண்டை வரத்தான் செய்யும். உங்க மகன் ஒரு தடவை நேர்ல வந்து பேசினா மருமக மனசு மாறாதா?"

பூங்கொடி கொஞ்ச நேரம் ஒரு கன்றின் அடியில் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ எம் மருமவ இல்ல சார்" என்றாள். "வாய்க்கா தண்ணித் தகராறுல அவ புருஷன வெட்டிப் போட்டுட்டுத்தான் எம் புள்ள புழல் ஜெயில்ல கீறான்."